முதல் எச் மோட்டார் ராக்கெட்: நிலைப்பு 3 காலிபர் இருந்தால் இன்னும் பத்திரம்தானே?

வாசகர் கேள்வி, ஜனவரி 6

சின்ன ராக்கெட் நிறைய விட்டிருக்கேன், சி, டி மோட்டார் வரைக்கும். இப்ப முதல்முறையா எச் மோட்டாருக்கு ஒண்ணு கட்டப்போறேன். 10 செ.மீ. விட்டமுள்ள அட்டைக் குழாய். ஓப்பன்ராக்கெட் மென்பொருள்ல வரைஞ்சா நிலைப்பு 1.6 காலிபர்னு காட்டுது. ஃபின்னை, அதான் வால் இறக்கையை, பெருசாக்கினா 3 வரைக்கும் கொண்டுபோகலாம். 3 இருந்தா இன்னும் பத்திரம்தானே? ஏன் எல்லாரும் 1.5, 2ன்னு நிறுத்திக்கிறாங்க?

ஜனவரி 6, இரவு

நானும் இப்போது கிட்டத்தட்ட இதே அளவில் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன், எனக்கும் இதுதான் முதல் எச் (மோட்டாரின் எழுத்து ஏற ஏறத் திறன் கூடும்). அதனால் கேள்வியை எனக்கே கேட்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

காலிபர் என்பது ராக்கெட்டின் விட்டம். ஈர்ப்பு மையம் முன்னால், அழுத்த மையம் (காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளி) பின்னால். இரண்டுக்கும் நடுவே எத்தனை விட்டம் இடைவெளி என்பதுதான் அந்த எண். ஒன்றுக்குக் கீழே போனால் ராக்கெட் தடுமாறும் என்பது உங்களுக்குத் தெரியும். மேலே போனால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

காற்றை நினைத்துப் பாருங்கள். ஏவும்போது ராக்கெட்டை நேராகப் பிடித்திருக்கும் ரெயிலை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் விநாடிக்கு 15 மீட்டர், பக்கவாட்டுக் காற்று 5 மீட்டர் என்று வையுங்கள். ராக்கெட்டுக்குக் காற்று நேர் எதிரே வராது, ஏறத்தாழ 18 டிகிரி சாய்வாக வரும். ஃபின்களின் வேலை மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்புவது. அவை தங்கள் வேலையைச் சரியாகச் செய்யும், ராக்கெட் காற்றை நோக்கிச் சாயும். 3 காலிபர் வைத்தால் இன்னும் வேகமாகச் சாயும். மோட்டார் எரிந்துகொண்டிருக்கும்போது சாய்ந்தால் அந்தச் சாய்விலேயே மிச்ச உந்துவிசை முழுக்கப் போகும். உயரம் குறையும், பக்கவாட்டு வேகம் கூடும், பாராசூட் திறக்கும் நேரத்தில் ராக்கெட் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே 1.6ஐத் தொடாதீர்கள்.

ஜனவரி 7

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. காலிபர் அளவு ராக்கெட்டின் நீளத்தைக் கணக்கில் எடுக்காது. ஒல்லியாக, நீளமாக ஒருவர் கட்டியிருந்தால் அவருக்கு 2.5, 3 என்று இயல்பாகவே வரும், அதில் குறையொன்றும் இல்லை. நான் சொன்னது நீளம் விட்டத்தைப்போல் 12லிருந்து 15 மடங்குவரை உள்ள ராக்கெட்டுக்கு. உங்களுடையது 15 என்றால் பொருந்தும்.

ஜனவரி 9

"மென்பொருள் சொல்லும் அழுத்த மையத்தை எப்படி நம்புவது?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஜேம்ஸ் பாரோமேன் 1966இல் அமெரிக்க மாதிரி ராக்கெட் சங்கமான என்.ஏ.ஆர். நடத்திய தேசியச் சந்திப்பில் முன்வைத்த கணக்கு இது. அவர் நாசாவின் கோடார்ட் மையத்தில் ஆய்வு ராக்கெட்டுகளோடு வேலை பார்த்தவர். மாதிரி ராக்கெட் கட்டுகிறவர்களுக்கு அன்றைக்கு இருந்த எளிய வழிகளில் ஒன்று, ராக்கெட்டின் நிழலுருவை அட்டையில் வெட்டி விரல்மேல் நிறுத்திப் பார்ப்பது. பாரோமேனின் கணக்கு வந்த பிறகு பள்ளிப் பையனும் காகிதத்தில் அழுத்த மையத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. ஓப்பன்ராக்கெட்டின் அடித்தளமும் அதன் விரிவாக்கம்தான். அந்த மென்பொருள் 2009இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சம்போ நிஸ்கானென் எழுதிய முதுநிலை ஆய்வேட்டில் பிறந்தது, இலவசம்.

என் ராக்கெட்டுக்குப் போட்டது இது. மொத்த நீளம் 150 செ.மீ. அதில் மூக்குக் கூம்பு 40 செ.மீ., வளைந்த வகை. மூன்று ஃபின். ஒவ்வொன்றும் அடிப்பகுதி 20, நுனி 10, குழாயிலிருந்து வெளியே நீட்டியது 11, முன்விளிம்பு 8 செ.மீ. பின்சாய்வு.

காற்று தரும் பக்கவாட்டு விசையில் மூக்கின் பங்கு எப்போதும் 2. அது செயல்படும் இடம் கூம்பு நீளத்தில் 0.466 மடங்கு, அதாவது நுனியிலிருந்து 18.6 செ.மீ. நேரான குழாய்க்குப் பங்கு பூஜ்யம். மூன்று ஃபின்னும் சேர்ந்து 8.4, செயல்படும் இடம் 137.4 செ.மீ. இரண்டையும் எடைபோட்டுச் சராசரி எடுத்தால் 114.7 செ.மீ. மென்பொருள் காட்டியதும் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருந்தது.

ஃபின்னின் நீட்டம் சூத்திரத்தில் வர்க்கமாக வருகிறது என்பதைப் பாருங்கள். 11ஐ 13 ஆக்கினாலே ஃபின்னின் பங்கு வெகுவாக ஏறிவிடும்.

ஜனவரி 10

குழாய்க்குப் பங்கு பூஜ்யம் என்றது சாய்வு மிகக் குறைவாக இருக்கும்போது மட்டும். 18 டிகிரி சாய்வில் குழாயும் காற்றைப் பிடிக்கும், அழுத்த மையம் முன்னோக்கி நகரும். பலத்த காற்றில் 1 காலிபரை நம்பக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜனவரி 14

சிறு குறிப்பு, புதியவர்களுக்கு. மோட்டார் எழுத்து ஒவ்வொன்று ஏறும்போதும் மொத்தக் கணத்தாக்கின் (உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கியது) உச்சவரம்பு இரட்டிக்கும். ஜி 160 நியூட்டன்-விநாடி வரை, எச் 320 வரை, ஐ 640 வரை. என்.ஏ.ஆர்., அதைப் போன்ற இன்னொரு சங்கமான டிரிபோலி, இரண்டிலும் முதல் நிலைச் சான்றிதழ் எச், ஐ இரண்டுக்கும் போதும். ஜே, கே, எல் இரண்டாம் நிலை. எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்: ஜி மோட்டாராக இருந்தாலும் சராசரி உந்துவிசை 80 நியூட்டனைத் தாண்டினால் அது உயர்திறன் மோட்டார்தான். எரிபொருள் 125 கிராமைத் தாண்டினாலும் அப்படியே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிலர் தனிச்செய்தியில் எரிபொருள் கலப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். பதில் சொல்ல மாட்டேன். சான்று பெற்ற, கடையில் விற்கும் மோட்டார், சங்கத்தின் அனுமதி பெற்ற திடல், இந்த இரண்டும் இல்லாமல் நான் எதையும் ஏற்றமாட்டேன்.

ஜனவரி 27

எல்லாம் ஒட்டி, பெயின்ட் அடித்து, மோட்டாரைப் போட்டு எடை பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது.

வடிவமைப்பில் 1.45 கிலோ, ஈர்ப்பு மையம் 98 செ.மீ. கையில் இருப்பது 1.75 கிலோ, 103.5 செ.மீ. நிலைப்பு 1.67லிருந்து 1.12க்கு இறங்கிவிட்டது.

300 கிராம் எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து கணக்கெடுத்தேன். ஃபின்னுக்கு 3 மி.மீ. பிளைவுட் என்று வரைந்திருந்தேன், தரையிறங்கும்போது உடையுமோ என்ற பயத்தில் வெட்டும் நாளன்று 5 மி.மீ.க்கு மாறினேன்: 90 கிராம். எபாக்சி 110 கிராம். ஃபின்னின் வேர் குழாயைத் துளைத்து உள்ளே மோட்டார் குழாய்வரை போகிறது, அதனால் ஒவ்வொரு ஃபின்னுக்கும் உள்ளே நான்கு இணைப்பு, வெளியே இரண்டு. விரலால் இழுத்து விட்டுக்கொண்டே போனதில் எவ்வளவு போனது என்றே தெரியவில்லை. மோட்டார் கழன்று விழாமல் பிடிக்கும் அலுமினிய வளையம் 60. பெயின்ட் 40. பெயின்ட்டைத் தவிர அத்தனையும் வால் பக்கம்.

வாலில் கூடும் ஒவ்வொரு கிராமும் ஈர்ப்பு மையத்தைப் பின்னால் இழுக்கிறது. அதைச் சரிசெய்ய மூக்கில் எடை, எடை கூடினால் உந்துவிசை போதாது, பெரிய மோட்டார் வைத்தால் வால் இன்னும் கனக்கும். இது ஒன்றையொன்று துரத்திக்கொண்டே போகும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: உங்கள் 1.6 திரையில் உள்ள 1.6. கட்டி முடித்த ராக்கெட்டை மோட்டாரோடு, பாராசூட்டோடு, எல்லாம் போட்டு, ஒரு கயிற்றில் கட்டிச் சமநிலை பாருங்கள். அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். ஃபின்னைப் பெரிதாக்க வேண்டாம் என்று சொன்னதில் மாற்றமில்லை, ஆனால் வரையும்போதே ஒட்டுக்கும் பெயின்ட்டுக்கும் எடை போட்டு வையுங்கள் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரி 28

ஒரு வழி தோன்றியது. பாராசூட், கயிறு, தீத்தடுப்புத் துணி மூன்றும் சேர்த்து 250 கிராம். இப்போது மோட்டார் குழாயின் மேல் முனையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அதை 25 செ.மீ. முன்னால் தள்ளினால் ஈர்ப்பு மையம் 3.6 செ.மீ. முன்னால் வரும். ஒரு கிராம்கூடச் சேர்க்காமல் 1.48 காலிபர். செய்துவிட்டேன்.

ஜனவரி 30, திருத்தம்

நேற்று முன்தினம் எழுதியதைப் பின்பற்றாதீர்கள். தவறு.

புறப்படும் நொடியில் மோட்டாரின் தொடக்க உந்துவிசை 160 நியூட்டன். ராக்கெட்டுக்குள் இருக்கும் எல்லாப் பொருளும் சுமார் 9 மடங்கு கனக்கும். 250 கிராம் மூட்டை 2 கிலோவுக்கு மேல் எடையாகிக் கீழே சரியும். வழுவழுப்பான குழாய்க்குள் துணி மூட்டையை எது பிடித்து வைக்கும்? பழைய இடத்துக்கே போய்விடும், நிலைப்பு 1.1 ஆகிவிடும், அதுவும் ரெயிலை விட்டு வெளியேறும் அந்தக் கணத்தில், நிலைப்பு அதிகம் தேவைப்படும் நேரத்தில்.

மேசைமேல் படுக்கவைத்துச் சமநிலை பார்த்தபோது எல்லாம் அழகாக இருந்தது. இனி மூட்டையைக் குழாயின் அடிவரை குத்தித் தள்ளிவிட்டுத்தான் அளக்கப்போகிறேன்.

மூட்டையை முன்னால் வைக்க வேண்டுமென்றால் உள்ளே ஒரு தடுப்பு ஒட்ட வேண்டும். முடிந்த குழாய்க்குள் கைவிட்டு அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை.

பிப்ரவரி 1

மூக்கில் எடை போட்டாயிற்று. 90 கிராம், நுனியிலிருந்து 20 செ.மீ. சைக்கிள் குண்டுகளை எபாக்சியோடு கலந்து ஊற்றினேன். மொத்தம் 1.84 கிலோ, ஈர்ப்பு மையம் 99.4 செ.மீ., நிலைப்பு 1.53.

எபாக்சியை ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். கெட்டியாகும்போது அது சூடாகும், மொத்தமாக இருந்தால் பிளாஸ்டிக் மூக்கையே இளக்கிவிடும். நான் மூன்று தவணையாக, ஒவ்வொன்றும் ஆறியபிறகு ஊற்றினேன். உள்ளே குறுக்காக ஒரு போல்ட் போட்டதால் எடை பிடுங்கிக்கொண்டு வராது. பிளாஸ்டிக்கில் எபாக்சியின் பிடிப்பை மட்டும் நம்ப முடியாது.

மோட்டார் எரிந்து முடிந்ததும் வாலில் 100 கிராமுக்கு மேல் எரிபொருள் போயிருக்கும், ஈர்ப்பு மையம் தானாக முன்னால் வரும். ஆகவே கவலைப்பட வேண்டியது புறப்படும் நிலைக்குத்தான்.

பிப்ரவரி 4

"கனமான மோட்டாரை மேலே வைத்து, ராக்கெட்டை அதிலிருந்து தொங்கவிட்டால் ஊசல்போல நேராகப் போகாதா? ஃபின்னே வேண்டாமே?" என்று ஒருவர்.

இதைக் கேட்டதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ராபர்ட் கோடார்டே அப்படித்தான் தொடங்கினார். 1926 மார்ச் 16, மாசசூசெட்ஸில் ஆபர்ன் என்ற ஊரில் ஒரு பண்ணையில், உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏற்றினார். அதில் எஞ்சின் உச்சியில், எரிபொருள் தொட்டிகள் கீழே. இரண்டரை விநாடி பறந்து, 12 மீட்டர் சொச்சம் உயர்ந்து, 56 மீட்டர் தள்ளி விழுந்தது. பிறகு அவரே எஞ்சினைக் கீழே கொண்டுபோனார்.

ஊசலின் உச்சி சுவரில் மாட்டியிருக்கிறது. ராக்கெட்டின் எஞ்சின் எதிலும் மாட்டியிருக்கவில்லை, ராக்கெட் சாய்ந்தால் எஞ்சினும் கூடவே சாயும், உந்துவிசையும் சாய்ந்த திசையிலேயே தள்ளும். நிமிர்த்தும் விசை எங்கிருந்தும் வராது. அதைக் காற்றுதான் தர வேண்டும், அதற்கு ஃபின் வேண்டும், ஃபின் வேலை செய்ய வேகம் வேண்டும், வேகம் வரும்வரை பிடித்துக்கொள்ள ரெயில் வேண்டும். அந்தக் கோடார்ட் பெயரிலுள்ள மையத்தில் வேலை பார்த்த ஒருவர் நம் நிலைப்புக் கணக்கை எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

பிப்ரவரி 5

ரெயில் என்றதும் ஞாபகம் வந்தது. ரெயில் 2.4 மீட்டர் என்றால் 2.4 மீட்டரும் கணக்கில்லை. ராக்கெட்டை ரெயிலோடு கோத்து வைக்கும் பட்டன்களில் மேல் பட்டன் ரெயிலை விட்டதும் பிடிப்பு போய்விட்டது. என் மேல் பட்டன் வாலிலிருந்து 80 செ.மீ. மேலே, ஆகவே பயன்படும் நீளம் 1.6 மீட்டர்தான். சராசரி உந்துவிசை 120 நியூட்டனை வைத்துப் போட்டால் வெளியேறும் வேகம் 13 மீட்டர் சொச்சம். தொடக்க உந்துவிசையை வைத்துப் போட்டால் 15.7. உண்மை இரண்டாவதற்கு அருகே, ஏனென்றால் முதல் 0.2 விநாடியில்தான் இது நடக்கிறது. மோட்டாரின் உந்துவிசை வரைபடத்தில் அந்த முதல் மூலையைப் பாருங்கள். மெதுவாக ஏறும் மோட்டார் என்றால் சராசரியை நம்பி மோசம் போவோம்.

உந்துவிசைக்கும் எடைக்கும் உள்ள விகிதம் எனக்கு 6.6. 5க்குக் கீழே நான் போக மாட்டேன்.

பிப்ரவரி 8

பாராசூட். எரிந்து முடிந்த எடை 1.73 கிலோ. விநாடிக்கு 5.5 மீட்டரில் இறங்க 1.26 மீட்டர் விட்டம் வேண்டும் என்று கணக்கு சொல்கிறது, இழுவை எண் 0.75 என்று வைத்தால். என்னிடம் இருப்பது 1.2 மீட்டர், இறங்கும் வேகம் 5.8. ராக்கெட்டை 1.7 மீட்டர் உயரத்திலிருந்து கைவிட்டதற்குச் சமம். தாங்கும். ஃபின்னின் நுனி வாலைவிட 2 செ.மீ. முன்னாலேயே முடிவதால் முதலில் தரையில் மோதுவது மோட்டார் வளையம்தான், ஃபின் இல்லை. அப்படியானால் 3 மி.மீ. பிளைவுட்டே போதுமாக இருந்திருக்கும். பயந்து சேர்த்த 90 கிராமை மூக்கில் இன்னொரு 90 கிராம் போட்டு ஈடுகட்டியிருக்கிறேன்.

இன்னும் பெரிய பாராசூட் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். 320 மீட்டரிலிருந்து 5.8இல் இறங்க 55 விநாடி. காற்று 5 மீட்டர் என்றால் 275 மீட்டர் தள்ளிப் போய் இறங்கும். பாராசூட் பெரிதானால் நடக்கும் தூரமும் கூடும், மரத்தில் மாட்டும் வாய்ப்பும் கூடும்.

பிப்ரவரி 11

குழாயின் மேல்பகுதியில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டேன். பலர் மறக்கும் இடம் இது. தரையில் அடைபட்ட காற்று 320 மீட்டர் உயரத்துக்கும் அதே அழுத்தத்தோடு வரும். வெளியே அழுத்தம் சுமார் 3800 பாஸ்கல் குறைந்திருக்கும். 10 செ.மீ. குழாயின் குறுக்குப் பரப்பில் அது 30 நியூட்டன், அதாவது 3 கிலோ எடையின் தள்ளல், மூக்குக்கு அடியிலிருந்து. மூக்கு நேரத்துக்கு முன்பே கழன்றால் முழு வேகத்தில் பாராசூட் வெளியே வரும்.

மூக்கின் இறுக்கத்துக்கு ஒரு சோதனை: மூக்கைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்குங்கள், விழக் கூடாது. கொஞ்சம் உலுக்குங்கள், அப்போது நழுவ வேண்டும். மாஸ்கிங் டேப்பை ஒரு சுற்று கூட்டியும் குறைத்தும் இதைச் சரிசெய்யலாம்.

பிப்ரவரி 16

இன்று ஏற்றினேன், முதல் நிலைச் சான்றிதழுக்காக.

எரிந்த சத்தத்தை எழுத வார்த்தை இல்லை. சின்ன மோட்டார்கள் 'ஸ்ஸ்' என்று போகும், இது நெஞ்சுக்கூட்டில் இடிக்கிறது. ரெயிலை விட்டதும் கொஞ்சம் காற்றுப் பக்கம் சாய்ந்தது, பிறகு நேராக ஒரே கோடு. 301 மீட்டர்.

உச்சியில் வளைந்தது. பாராசூட் வரவில்லை. மூக்கு கீழ்நோக்கித் திரும்பி வேகம் பிடிக்கத் தொடங்கியது. என் பக்கத்தில் நின்றவர் எண்ணிக்கொண்டிருந்தார், எனக்கு எண்ணத் தோன்றவில்லை. பிறகு வெடித்துத் திறந்தது, அதிர்ச்சியில் குழாய் ஒரு சுண்டு சுண்டியது. பத்திரமாகத்தான் இறங்கியது. போய்ப் பார்த்தால் குழாயின் வாயிலிருந்து 11 செ.மீ. நீளத்துக்குக் கிழிசல், மூக்கையும் உடலையும் இணைக்கும் கெவ்லார் கயிறு அட்டையை அறுத்திருக்கிறது.

சான்றிதழ் கிடைக்கவில்லை. பழுதுபார்க்காமல் மறுபடி பறக்கும் நிலையில் திரும்ப வேண்டும் என்பது விதி. சாட்சியாக நின்ற பெரியவர் கிழிசலை விரலால் அளந்துவிட்டு, "டிலே எவ்வளவு வெட்டின?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 18

அந்தக் கேள்விக்கான பதிலை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மோட்டார் அணைந்த பிறகு உள்ளே ஒரு டிலே மெதுவாக எரிந்து, பிறகு பாராசூட்டை வெளித்தள்ளும் மருந்தைப் பற்றவைக்கும். என் மோட்டார் 10 விநாடி டிலேயோடு வந்தது, தேவையான அளவுக்குத் துளையிட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும். நான் 8ஆகக் குறைத்தேன். அந்த 8 எங்கிருந்து வந்தது? ஜனவரியில் ஓப்பன்ராக்கெட் காட்டிய 7.5 விநாடியிலிருந்து. அப்போது ராக்கெட் 1.45 கிலோ.

ஈர்ப்பு மையத்துக்காக எடையை அளந்தேன், மூக்கில் குண்டு ஊற்றினேன், உந்துவிசை விகிதத்தை மறுபடி போட்டேன், பாராசூட்டுக்குப் புதிய எடையை வைத்தேன். டிலேக்கு மட்டும் பழைய எண். 1.84 கிலோவை மென்பொருளில் போட்டால் அணைந்ததிலிருந்து உச்சிவரை 6.8 விநாடி என்கிறது. எடை கூடினால் அணையும்போது வேகம் குறைவு, உச்சி சீக்கிரம் வந்துவிடும். அன்றைக்குச் சாய்ந்தும் பறந்ததால் உயரத்தைப் பதியும் ஆல்டிமீட்டரின் பதிவில் 6.4. ஆக 1.6 விநாடி தாமதம்.

1.6 விநாடியில் கீழ்நோக்கிய வேகம் ஏறத்தாழ 16 மீட்டர். சாய்ந்து போனதால் பக்கவாட்டில் 12 மீட்டர் இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்து விநாடிக்கு 20 மீட்டர். அந்த வேகத்தில் பாராசூட் விரிந்தால் மெல்லிய கயிறு அட்டையை அறுக்கத்தான் செய்யும்.

ஜனவரி 6 அன்று நான் எழுதிய கடைசி வரிக்கு முந்தைய வரியைப் போய்ப் பாருங்கள்: பாராசூட் திறக்கும் நேரத்தில் ராக்கெட் ஓடிக்கொண்டிருக்கும் என்று உங்களுக்குச் சொன்னேன். அதேதான் எனக்கு நடந்தது.

பிப்ரவரி 19

ஒருவர் கேட்டிருக்கிறார், ஆல்டிமீட்டரே உச்சியைக் கண்டுபிடித்துப் பாராசூட்டைத் திறக்கச் செய்யலாமே, டிலே பிரச்சினையே வராதே என்று. வராது. உச்சியில் சின்னது, தாழ வந்ததும் பெரியது என்று இரண்டு பாராசூட்கூட வைக்கலாம், உயரமாகப் போகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதில் மின்கலம், வயரிங், தீமூட்டி, தனி அறை என்று தவறக்கூடிய இடங்கள் கூடும். 300 மீட்டர் ராக்கெட்டுக்கு எனக்கு அது வேண்டாம். ஆல்டிமீட்டர் உள்ளே இருக்கட்டும், பதிவு மட்டும் செய்யட்டும். அது இல்லாமல் போயிருந்தால் 6.4 என்ற எண் எனக்குக் கிடைத்திருக்காது.

மார்ச் 2

பழுதுபார்த்தேன். கிழிந்த முனையிலிருந்து 12 செ.மீ. வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே 20 செ.மீ. இணைப்புக் குழாய் ஒட்டி, மேலே புதுக் குழாய்த் துண்டு. வெட்டியதோடு விட்டிருந்தால் ராக்கெட் குட்டையாகி மூக்கின் எடை பின்னால் வந்திருக்கும், எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.

குழாயின் வாய் விளிம்பில் உள்ளேயும் வெளியேயும் மெல்லிய எபாக்சி தடவித் தேய்த்துவிட்டேன். கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் துணி டேப்பைத் தடிமனாகச் சுற்றினேன். கயிற்றையும் மாற்றினேன்: அடியில் சூடு படும் ஒரு மீட்டர் மட்டும் கெவ்லார், மேலே 5 மீட்டர் அகலமான நைலான் பட்டை. நைலான் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அகலம் அறுக்காது. கயிறு நீளமாக இருந்தால் மூக்கும் உடலும் பிரிந்து போகும்போது வேகம் குறைந்து பிறகு இழுபடும். ராக்கெட் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும்.

மறுபடி எடை: 1.885 கிலோ. மூட்டையை அடிவரை தள்ளி அளந்த ஈர்ப்பு மையம் 98.3. நிலைப்பு 1.64. உச்சிக்கு 6.7 விநாடி.

இந்த நான்கு எண்ணையும் தேதி போட்டு மூக்கின் உள்பக்கம் மார்க்கரில் எழுதியிருக்கிறேன். மோட்டாரைத் தயார்செய்யும்போது மூக்கைக் கழற்றித்தானே ஆக வேண்டும், கண்ணில் படும்.

மார்ச் 16

டிலே 7. காற்று 2 மீட்டர்தான். 316 மீட்டர். உச்சியில் கிட்டத்தட்ட நின்று, பக்கவாட்டில் சாய்ந்துகொண்டிருக்கும்போதே திறந்தது. பதிவில் உச்சிக்கும் திறப்புக்கும் இடையே 0.4 விநாடி.

குழாயின் வாயில் கீறல் இல்லை. பெரியவர் மூக்கைக் கழற்றி உள்ளே எழுதியிருந்ததைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை, தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இன்று மார்ச் 16 என்பது வீட்டுக்கு வந்து பதிவைக் கணினியில் இறக்கி, கோப்புக்குத் தேதி போடும்போதுதான் உறைத்தது. ஆபர்ன் பண்ணையின் தேதி.

மார்ச் 17

கேள்வி கேட்ட நண்பர் தன் ராக்கெட்டைக் கட்டி முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். ஃபின்னை மாற்றவில்லையாம், கயிற்றில் கட்டிப் பார்த்ததில் 1.3 காலிபர் வந்ததாம். மூக்கில் எவ்வளவு போடலாம் என்கிறார்.

மொத்த எடையும், மூட்டையை அடிவரை தள்ளி அளந்த ஈர்ப்பு மையமும், மூக்கில் எடை உட்காரப்போகும் இடத்தின் தூரமும் அனுப்புங்கள். சேர்த்துப் போட்டுப் பார்ப்போம். டிலே இன்னும் வெட்டவில்லை என்றால் அப்படியே வைத்திருங்கள்.